முதலியார்பேட்டையில் இறங்காத இளைஞர்: கடுங்கூச்சம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூரிலிருந்து வரும் பேருந்துகள் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் தாண்டி முதலியார்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைகின்றன. என் ஆலோசனை அறை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நிறுத்தத்தில் இறங்கினால் இரண்டு நிமிட நடை. தனியாக வரத் தொடங்கிய பிறகு இந்த இளைஞர் ஒவ்வொரு முறையும் புதிய பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து வெயிலில் நடந்தே திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வழி தெரியவில்லை போலும் என்று நினைத்து ஒருநாள் காகிதத்தில் வரைபடம்கூடப் போட்டுக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறையும் நடந்துதான் வந்தார்.

ஐந்தாவது சந்திப்பில் காரணம் வெளியே வந்தது. இடையில் இறங்குவதென்றால் நடத்துநரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் "எங்கே?" என்று திருப்பிக் கேட்டால் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். நிறுத்தம் வரும்போது நிற்பவர்களை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போக வேண்டும். கடைசி நிறுத்தம் என்றால் "பாண்டி" என்ற ஒரே சொல் போதும். சரியான சில்லறையை நீட்டினால் அதையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் இறங்கும்போது தானும் இறங்கிவிடலாம்.

அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் வெளியே போகாமல் காக்கப்பட வேண்டும் என்பதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. இவரைப் போன்றவர்களுக்கு அந்த உரிமையைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கடலூரில் மருத்துவரைப் பார்த்தால் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்ற பயத்தில்தான் இவர் அடுத்த ஊருக்கே வந்தார்.

வந்த காரணம்

வயது 29. ஊர் கடலூர் முதுநகர். பி.காம். படித்தவர். உறவினர் நடத்தும் முந்திரிக் கிடங்கு ஒன்றில், பண்ருட்டிப் பக்கம், பின்னறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். முதல் சந்திப்புக்கு எட்டு மாதம் முன்பு தந்தை மாரடைப்பால் இறந்துபோனார்.

தந்தை இறந்த துக்கத்தில் மகன் பேசாமல் ஆகிவிட்டான் என்றுதான் தாய் சொன்னார். அப்படி இல்லை. துக்க நாட்களில் மகன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். கொள்ளி வைத்தார், மொட்டை போட்டுக்கொண்டார், பதினாறாம் நாள் காரியத்தில் நூறு பேர் பார்க்க முன்னால் உட்கார்ந்தார். எப்படி முடிந்தது என்று கேட்டேன். "அங்கே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரோகிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை" என்றார். துக்க வீட்டில் வாய் திறக்காத மகனை ஊர் குறை சொல்வதில்லை. அவர் வாழ்க்கையில் மௌனத்துக்கு விளக்கம் கேட்கப்படாத 16 நாட்கள் அவை.

சிக்கல் வங்கியில் தொடங்கியது. தந்தையின் வைப்புத்தொகைக்கு மகன்தான் நியமனதாரர். அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கை நடுங்கியது. பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அந்த அலுவலர் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார். மறுவாரம் போனபோதும் அதே கதை. மூன்றாம் முறை வங்கி வாசல் வரை போய்த் திரும்பி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "சர்வர் வேலை செய்யவில்லை" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தச் சர்வர் ஐந்து மாதம் வேலை செய்யவில்லை. தாயார் சந்தேகப்பட்டு நேரில் போய் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அக்காவின் கணவர் பிடிவாதமாக இருந்து இங்கே அழைத்துவந்தார்.

முதல் சந்திப்பில் நான் 23 கேள்விகள் கேட்டதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. அவற்றில் 21 கேள்விகளுக்குத் தாய் பதில் சொன்னார். இரண்டுக்கு மகன் தலையசைத்தார். "சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம் சார், தங்கமான பிள்ளை" என்று அவர் சொன்னபோது குரலில் கவலையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பின்னணி

பள்ளியில் சேர்ந்த காலத்திலேயே புதியவர்கள் வந்தால் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அது பல குழந்தைகள் செய்வது. எட்டாம் வகுப்பில், தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று படிக்கும்போது ஒரு சொல்லில் நாக்கு இடறியது. வகுப்பு சிரித்தது. அந்தச் சொல்லே ஆண்டு முழுவதும் அவருக்குப் பட்டப்பெயரானது. அதன் பிறகு அவர் வகுப்பில் எழுந்து நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த நோய் பெரும்பாலும் விடலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தலைகாட்டுகிறது. மருத்துவரிடம் வருவதோ பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் பள்ளி முன்னேற்ற அட்டையில் "அமைதியான மாணவன்" என்று எழுதப்படும். வகுப்பில் சத்தம் போடுகிறவனைக் கவனிக்க ஆசிரியர்கள் உண்டு. சத்தமே போடாதவனை ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

கல்லூரியில் வளாக நேர்காணல் நடந்த மூன்று நாளும் அவருக்குக் காய்ச்சல். தேர்வு மதிப்பெண் குறைவில்லை. வேலையிடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸை மூன்று மணிக்குமேல், எல்லோரும் போன பிறகு திறப்பார். தொலைபேசி அடித்தால் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு வாட்ஸ்அப்பில் "சொல்லுங்கள்" என்று அனுப்புவார். முடிதிருத்தும் கடைக்கு ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் போவார்.

குடியைப் பற்றி இரண்டாம் சந்திப்பில் தனியாகக் கேட்டேன். கடலூர்க்காரர்களுக்கு எல்லை தாண்டினால் குறைந்த விலையில் மது கிடைக்கும் என்பது ஊரறிந்த செய்தி. உறவினர் திருமணங்களுக்கு முன்பு மட்டும் இவர் கொஞ்சம் பிராந்தி குடித்திருக்கிறார். அன்று மட்டும் நாலு பேரோடு பேச முடிந்தது என்றார். மறுநாள் முழுவதும் என்ன உளறினோமோ என்று தலையணையில் முகம் புதைத்துக் கிடந்திருக்கிறார். பழக்கமாகவில்லை, ஆனால் பாதை அந்தப் பக்கம் சரிந்துதான் இருந்தது. கடுங்கூச்சத்துக்கு மருந்தாகக் குடிக்கத் தொடங்கி, பிறகு குடிக்காகவே சிகிச்சைக்கு வந்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்பு பார்த்த ஒரு பொது மருத்துவர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். போட்டால் படபடப்பு அடங்கும், மாத்திரை தீர்ந்தால் முன்பைவிடக் கூடும். இரண்டு மாதத்தில் இளைஞரே நிறுத்திவிட்டார். நல்லவேளை.

மதிப்பீடு

கை நடுக்கம் முதலில் உடல் சார்ந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. தைராய்டு பரிசோதனையில் குறை இல்லை. நரம்புக் கோளாறால் வரும் நடுக்கமா? அவர் எழுதிய கணக்குப் பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொன்னேன். முத்து முத்தான எழுத்து. தனியாக இருக்கும்போது நடுங்காத கை, ஒருவர் பார்க்கும்போது மட்டும் நடுங்குகிறது. தன்னை யாரோ திட்டமிட்டுக் கண்காணிப்பதாக அவர் நம்பவில்லை. தன் பயம் அளவுக்கு மீறியது என்று அவருக்கே தெரிகிறது. மற்றவர்களின் முகக்குறிப்பைப் படிப்பதில் குறை இல்லை. தேவைக்கு மேலேயே படிக்கிறார். சோர்வு இருந்தது, ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்தது.

சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோலில் 24 சூழல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு 0 முதல் 3, தவிர்ப்பதற்கு 0 முதல் 3 எனக் கூட்டினால் உச்சம் 144. இவருக்கு 98 வந்தது. 30ஐத் தாண்டினாலே சமூகப் பதற்றம் இருக்கலாம் என்றும், 60ஐத் தாண்டினால் அது பெரும்பாலான சூழல்களில் வரும் பரவலான சமூகப் பதற்றம் என்றும் கருதுவார்கள்.

கண்டறிந்தது: சமூகப் பதற்றக் கோளாறு, கடுமையான நிலை.

இந்தப் பெயரை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. மருத்துவ உலகமே இதைத் தனி நோயாகப் பிரித்துப் பார்க்கக் காலம் எடுத்துக்கொண்டது. 1966இல் மனநல மருத்துவர்கள் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் இதை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980இல்தான் இடம் கிடைத்தது. மேலே சொன்ன அளவுகோலை உருவாக்கிய மைக்கேல் லீபோவிட்ஸ் 1985இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய் என்று குறிப்பிட்டார்.

நம்மிடம் "கூச்சம்" என்ற சொல் இருக்கிறது, நல்ல சொல். வெளிச்சம் மிகுந்தால் கண் கூசுகிறது, புளிப்புப் பட்டால் பல் கூசுகிறது. தாங்க முடியாத ஒன்று படும்போது உடம்பு பின்வாங்குவதைத்தான் அது சொல்கிறது. இந்த இளைஞருக்கு மற்றவர் பார்வைதான் அந்த வெளிச்சம். இவ்வளவு துல்லியமான சொல்லோடு "சுபாவம்" என்று ஒட்டவைத்ததில்தான் கெடுதல் நேர்ந்தது. சுபாவத்துக்கு யாரும் மருந்து தேடுவதில்லை. வீட்டில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து 16 ஆண்டுகள் கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டன.

நோய் எதனால் நீடித்தது

உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் முன்வைத்த விளக்கம் இவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. பயப்படும் சூழலில் இவருடைய கவனம் எதிரில் இருப்பவர் மீது இருப்பதில்லை. தன் மீதே திரும்பிவிடுகிறது. உள்ளே உணரும் படபடப்பை வைத்து, வெளியே தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறார். அந்தப் படம் எப்போதும் கோரமானது. பிறகு அதை மறைக்கச் சில காரியங்கள் செய்கிறார்: பேனாவை இறுக்கிப் பிடிப்பது, வாக்கியத்தை மனதில் மூன்று முறை ஒத்திகை பார்ப்பது, முழுக்கைச் சட்டை. பேனாவை இறுக்கினால் நடுக்கம் கூடும். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் எதிராளி கேட்டது காதில் விழாது. வீடு திரும்பியதும் நடந்ததையெல்லாம் இரவு முழுவதும் அசை போடுவது தனி.

இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறோம். இவருடைய பாதுகாப்பு நடத்தைகளிலேயே பெரியது அவர் செய்ததல்ல. அது அவருடைய தந்தை. பள்ளிச் சேர்க்கை, கல்லூரி விண்ணப்பம், ரேஷன் கடை, மருத்துவர், வேலை கேட்டது, சம்பள உயர்வு கேட்டது, சட்டைத் துணி எடுத்தது எல்லாவற்றிலும் தந்தையின் வாய்தான் மகனின் வாய். கண்டிப்பான அப்பா, அடக்கி வைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மிகவும் பாசமானவர். பிள்ளை தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் முந்திக்கொண்டு பதில் சொன்னவர். ஒவ்வொரு முறையும் மகனுக்குக் கிடைத்தது இரண்டு: அப்போதைக்கு நிம்மதி, தன்னால் முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சி. தந்தை போன மறுநாளே தாய் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். என் அறையிலும் 21 கேள்விகளுக்கு அதைத்தான் செய்தார்.

சிகிச்சை

மனநல மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி 10 ஆக உயர்த்தினார். முதல் வாரம் குமட்டல் வரலாம், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், சரியானதும் உடனே நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பத்தாம் நாள் மாத்திரை குப்பைத் தொட்டியில் இருக்கும். மேடைக் கச்சேரிக்கு முன் சிலர் போட்டுக்கொள்ளும் புரோப்ரனலால் பற்றி அவரே படித்துவிட்டு வந்து கேட்டார். அது குறிப்பிட்ட ஒரு மேடைக்கு உதவலாம், நாள் முழுவதும் மேடையாக இருப்பவருக்குப் போதாது என்று மருத்துவர் விளக்கினார்.

என் பங்கு 16 சந்திப்புகள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் கனமானது.

மூன்று நிமிடம் முந்திரி ரகங்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் காணொளி எடுத்தேன். பார்ப்பதற்கு முன், அதில் என்ன தெரியும் என்று எழுதச் சொன்னேன். வியர்வை வழியும், உதடு துடிக்கும், கை ஆடும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதினார். பிறகு திரையில் இருப்பவர் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் களைப்பாக இருக்கிறார்" என்றார். அவ்வளவுதான் தெரிந்தது.

அடுத்து வெளியே போனோம். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் நான்கு கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நிற்பவர்களிடம் நேரம் கேட்பது. மாலையில் அங்கே வண்டிகளை அனுமதிப்பதில்லை. யாருக்கும் அவசரம் இல்லை. இவையெல்லாம் ஓரளவு எளிதாகவே நடந்தன. கடினமானது தேநீர்க் கடை. கை நடுங்கித் தேநீர் சிந்திவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பெரிய கேள்வி. சிந்திப் பார்த்துவிடலாம் என்றேன். முதலில் நான் சிந்தினேன், வேண்டுமென்றே, அரை டம்ளர். கடைக்காரர் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பால் ஆற்றப் போனார். பக்கத்தில் இருந்தவர் நாளிதழை மட்டும் நகர்த்திக்கொண்டார். "சார், உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார் இளைஞர். ஒன்பது வாரத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். காது சூடாகிவிட்டது என்றும் சொன்னேன். அவர் தன் டம்ளரை எடுத்துச் சாய்த்தார்.

தாயோடு நடந்த இரண்டு சந்திப்புகளை நான் சிகிச்சையின் மையம் என்றே சொல்வேன். மகனிடம் யாராவது கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அதற்குள் அவர் பேசாவிட்டால் இன்னும் பத்து எண்ணுங்கள் என்றேன். "பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். தவிக்கவிட்டுப் போகச் சொல்லவில்லை அம்மா, பக்கத்திலேயே இருங்கள், பதிலை மட்டும் அவரிடம் விடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரிடம் குறியீட்டு எண்ணைச் சொல்வது வீட்டில் கொடுத்த முதல் பயிற்சி. அன்று தான் 22 வரை எண்ணியதாகத் தாய் பிறகு சொன்னார். எண்ணும்போது புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாராம்.

இடையில் ஒரு தவறு செய்தேன். தேநீர்க் கடை வெற்றியில் எனக்கே அவசரம் வந்து, பத்தாம் வாரமே வங்கிக்குப் போகச் சொன்னேன். அவர் சரி என்றார். இவரைப் போன்றவர்கள் சொல்லும் "சரி"யை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுத்துப் பேச முடியாததுதானே நோய். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. தாயைக் கூப்பிட்டுக் கேட்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். அதுவும் மகனுக்குப் பதிலாகத் தாயைப் பேசவைப்பதாகிவிடும். "அவசரப்பட்டது நான். வாருங்கள், வங்கியைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று அவருக்கே செய்தி அனுப்பினேன். இரவு இரண்டு மணிக்குப் பதில் வந்தது. அந்த வியாழக்கிழமை வந்தார். முதலியார்பேட்டை நிறுத்தத்திலேயே இறங்கி வந்திருந்தார். நடத்துநர் இரண்டு முறை கேட்டாராம்.

பதினைந்தாவது வாரம் அவராகவே வங்கிக்குப் போனார். மாதிரிக் கையெழுத்தை அடையாளச் சான்றோடு புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதை முன்னரே விசாரித்து வைத்திருந்தார். வேறு அலுவலர் இருந்தார். பேனாவை இறுக்கவில்லை. "எனக்குக் கை நடுங்கும், கொஞ்சம் நேரம் ஆகும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். "போடுங்கள்" என்ற அலுவலர் கணினியில் இருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பின்தொடர்தல்

16ஆம் சந்திப்பில் லீபோவிட்ஸ் மதிப்பெண் 57. ஓராண்டில் 49. இன்னும் நோய்க் கோட்டுக்கு மேலேதான். தொலைபேசியை இப்போதும் பாதி நேரம் எடுப்பதில்லை. பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கியபோது ஒரு மாதம் தூக்கம் கெட்டது. மாத்திரை தொடர்கிறது, நிலை தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதமாவது கொடுத்துவிட்டு மெல்லக் குறைப்பதாகத் திட்டம். சாப்பாட்டை ஒரு மணிக்கே திறக்கிறார். தாய்க்கு ஒரு புதுக் குறை: மகன் எதிர்த்துப் பேசுகிறான்.

கட்டணம் கொடுத்துத் தனியாரிடம் வர முடியாதவர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம். தொலைபேசியே பூதமாகத் தெரிகிறவருக்கு அந்த எண் முதல் படியாக அமைவது கடினம்தான். வீட்டார் அழைத்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்காகவே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். ஓரிடத்தில் மட்டும், வங்கி அலுவலர் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்ற வரியின் ஓரத்தில், பென்சிலால் ஒரு கோடு. "அவர் ஒருமுறை பார்த்தார் சார்" என்றார். "தேதி போடச் சொன்னார். போட்டேன்."